ஆபீஸ் மெயிலில் அறுபது வீடுகள்

செவ்வாய்க்கிழமை, காலை 9.42, மும்பை சுனாபட்டி ஸ்டேஷன், வாஷி போகும் லோக்கல் ரயில். என் குறிப்பேட்டில் இதற்குக் கீழே இருக்கும் முதல் வரி: “மெயிலுக்குள்ள நம்ம கல்லியே குடியிருக்கு மாமா!”

கல்லி என்றால் அவர்கள் குடியிருக்கும் சந்து. சொன்னவள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் தாராவிப் பெண்; அன்று ஆபீசுக்கே கிளம்பியிருந்தாள். மடியில் கம்பெனி லேப்டாப். பக்கத்தில் அவளுடைய தாய்மாமன்.

“இன்பாக்ஸ் ஃபுல்லுன்னு எரர் காட்டுது. ரெண்டு நாளா ஒரு மெயிலும் போவல. நான் வேலையே பாக்கலன்னு மேனேஜர் நெனைக்கான். தாராவிய இடிச்சுக் கட்டுததுக்கு எடுத்த வீட்டு சர்வே ஃபாரத்துல எல்லாருக்கும் என் ஆபீஸ் மெயிலையா எழுதிக் குடுப்பீய?”

“ஏட்டி, நம்ம கல்லியில தெனமும் மெயில் பாக்குதவ நீ ஒருத்திதான?”

“அதுக்கு? அறுபது வீடு மாமா! ஒவ்வொரு வீட்டுக்கும் சர்வே ரசீது மெயில்ல வருது, ஒவ்வொண்ணுலயும் பத்து போட்டோ!”

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். கம்பெனியின் ஐ.டி. ஆள் இந்தியில் பேசினான்: சொந்த மெயில்களை மொத்தமாக அழித்தால் உடனே சரியாகிவிடும், காப்பியோ பிரின்ட்டோ எடுக்க அனுமதி கிடையாது.

மாமன் லேப்டாப் மூடியைப் பிடித்துக்கொண்டார். “அழிச்சிராத! வீடு நம்மளுதுன்னு சொல்ல அந்த ரசீதுதான் சாட்சி.”

“அப்ப என் வேலைக்கு யாரு சாட்சி?”

செம்பூர் வந்துவிட்டது, நான் இறங்கினேன். மூடியை அவரும் விடவில்லை, அவளும் விடவில்லை. ரசீதுகள் அழிக்கப்பட்டனவா என்பதை என்னால் இன்றுவரை சரிபார்க்க முடியவில்லை.