ஆல்பம் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க

நல்லா வெளிச்சத்துல வச்சுப் பாருங்க தம்பி. அவசரமே இல்லீங்க, ஃபாரம் எங்க ஓடிப்போகுது? ரெண்டு பேரும் சம்மதிச்சு எழுதிக் குடுத்தாத்தான் மியூச்சுவல் ட்ரான்ஸ்ஃபர். நீங்க கோயமுத்தூருல இருந்து இங்க, நான் இங்க இருந்து கோயமுத்தூரு. நாளைக்கு அந்தச் செல்வராஜ் என்னைய ஏமாத்திப்போட்டான்னு நீங்க சொல்லீரக் கூடாது பாருங்க. அதுக்குத்தான் ஒரு ரோல் பூரா கல்கத்தாவுல நம்ம ஏரியா இந்த டாலிகஞ்சையே எடுத்து ஆல்பம் போட்டு வச்சிருக்கறேன்.

இது நம்ம குவார்ட்டர்ஸ் வாசல். ஆமாங்க, தண்ணிதான். ஆறு இல்லீங்க, ரோடு. இப்ப ஜனவரி, அதனால நனையாம வந்துட்டீங்க. அட, வருசம் பூராவா நிக்குது? ஜூன்ல வந்தா செப்டம்பர்ல வடிஞ்சுரும். இந்த நீலச் சட்டைக்காரரு மெட்ரோவுக்குப் போறாரு. செருப்பு கையில இருக்குது பாருங்க. பழகிட்டா அதுவும் ஒரு சுகந்தானுங்க.

அடுத்தது மார்க்கெட்டு. நீங்க மீன் சாப்பிடுவீங்களா? அடடா, வீட்டுல யாருமே தொட மாட்டீங்களா? இந்த ஜன்னலைத் தொறந்தா நேரா அதானுங்க. அதனாலதான் சாத்தியே வச்சிருக்கறோம். வேக்காடெல்லாம் ஒண்ணும் தெரியாது. கரண்ட் இருந்தா ஃபேன் ஓடுமில்ல.

இது ட்ராம் டிப்போ. வரிசையா நிக்கறதப் பாத்து ரிப்பேருன்னு நினைச்சுக்காதீங்க, அன்னைக்கு பந்த். இந்தக் காலி ரோடா? இதுவும் பந்துதான், வேற பந்த். இந்த ஊரைப் பத்தி ஆளாளுக்குக் கதை கட்டுவாங்க. நம்பாதீங்க, தங்கமான ஊரு.

அருக்காணி, தம்பிக்குக் காப்பி என்னாச்சு? பாவமுங்க, நீங்க வர்றீங்கன்னு கேட்டதுல இருந்து என் சம்சாரத்துக்குக் கால் தரையில பாவல. ஊருக்கு மாத்துங்க, மாத்துங்கன்னு பதினோரு வருசமா நான் மனு எழுதறேன். தபால்ல போடறது மட்டும் அவதான். எங்கிட்டக் குடுத்தா மறந்துருவேனாமா.

எந்தப் படம்? இங்க குடுங்க. அட, இது எப்படிங்க இதுக்குள்ள வந்துச்சு! பீரோவுல துணிக்கடியில வச்சிருந்தேன். ஒண்ணுமில்லீங்க, தெருமுனை டீக்கடை. ஆமா, நடுவுல பல்லக் காட்டிட்டு உக்காந்திருக்கறது நாந்தான். பக்கத்துல ரஞ்சன்தா. தான்னா இங்க அண்ணன்னு அர்த்தமுங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு நான் போகலீன்னா வீட்டுக்கே ஆள் அனுப்புவாங்க. செல்வாதா என்ன சொல்றாருன்னு கேட்டுட்டுத்தான் அங்க சண்டையே ஆரம்பிக்கும். கட்சியாகட்டும், கால்பந்தாகட்டும். அவங்க பேசறதுல பாதி எனக்குப் புரியாது, ஆனாலும் கேப்பாங்க.

ஊருல என்னைய யாருங்க கேக்கறாங்க? அருக்காணி ஊட்டுக்காரரு, அத்தோட சரி. போன வருசம் மச்சினன் கல்யாணத்துல, பந்தியில உக்காந்தவனை எந்திரிச்சு வேற யாருக்கோ எடம் விடச் சொன்னாங்க. எந்திரிச்சேன். இன்னும் நெஞ்சுல நிக்குதுங்க.

கொஞ்சம் மெதுவாப் பேசுங்க தம்பி, அவ காதுல விழுந்துரும். ஆமாங்க. எனக்குப் போக இஷ்டமில்ல. பதினோரு வருசம் மனுப் போட்டவன் எந்த வாயால வேண்டாமுன்னு சொல்றது? அவளுக்கு அப்பன், ஆத்தா, கூடப் பொறந்தவங்க எல்லாம் அங்க. நான் சொன்னா பாவம், நீங்க சொன்னா நியாயம். ஊரு ஒத்துக்காதுன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். முன்னால வந்த ரெண்டு பேரும் மீன் மார்க்கெட்டைத் தாண்டவே இல்லீங்க.

வா அருக்காணி. தம்பிக்கு முதல்ல குடு. தட்டுல பேனா எதுக்கு? என்னது, இந்தப் படத்த நீ செருகுனியா? எதுக்கு? நான் எடுத்ததுல ஒண்ணுகூட ஊரு நல்லாயில்லையா? இதுல இருக்கற மாதிரி நான் சிரிச்சு நீ பாத்ததே இல்லையா? அதனால தம்பி பாக்கட்டும்னா?

தம்பி, காப்பி ஆறுதுங்க. பேனாவ ஏன் கையில எடுக்கறீங்க? நான் சொன்னதெல்லாம் கேட்டீங்கதான? ஜூன் மாசத் தண்ணி, மீனு, பந்த்… என்னுங்க? உங்களுக்கும் இந்த மாதிரி நாலு பேரு வேணுமுங்களா?