ஏலப்பூப் பெட்டி

பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. ஆனால் ரத்தோட்டை மழைக்கு அந்தப் பளபளப்பு ஒரு மாதம்கூட நிற்காது. மறுபடி கறுக்கும், மறுபடி தேய்க்க வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

சற்று முன்புதான் என்னைப் போகச் சொன்னீர்கள். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதுதான் கூட்டிவந்தது. பழனிமுத்து ஆசாரி தானாகச் சொன்னான் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் பெட்டி செய்கிறவன். முதிரைப் பலகையில் உளியால் பூவும் கொடியும் கீறி, அந்தப் பள்ளத்தில் பித்தளைக் கம்பியை அடித்து இறக்கி, அரத்தால் ராவிச் சமன்செய்வேன். விரலால் தடவினால் மரம் எங்கே முடிகிறது, கம்பி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. மாத்தளையிலிருந்து தம்புள்ளைவரை கல்யாண வீடுகளில் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்கு ஒப்பந்தப்படி இந்தியாவுக்கே திரும்பிப் போகக் கடவுச்சீட்டு வரத் தொடங்கியதும் எனக்கு வேலை கூடிவிட்டது. காதிலும் கழுத்திலும் கிடப்பதற்கு மேல் நகை இருந்தால் தலைமன்னாரில் கப்பலேறும்போது சுங்கக்காரர்கள் பறித்துக்கொள்வார்கள் என்று லயத்துக்கு லயம், வரிசை வீடெல்லாம் இதே பேச்சு. உண்மையோ பொய்யோ, சனம் பயந்து கிடந்தது. அதற்கு நான் ஒரு வழி சொன்னேன். நகையை உருக்கிக் கம்பியாக இழுத்து, பித்தளை மாதிரியே பெட்டி மூடியில் பதித்துவிடுவது. கரையேறிய பிறகு பிரித்து எடுத்துக்கொள்ளலாம். என் தாய்மாமன் மாத்தளையில் பத்தர். பொன் வேலை எனக்குப் புதிதில்லை.

அழகையாவின் குடும்பம் ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தது. மனைவி சுந்தரம்மா, மகள் ராசம்மா. திருச்சிப் பக்கம் சொந்தத்தில் ராசம்மாவுக்கு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். அந்த நகைதான் அவளுக்குச் சீதனம், வேறு ஒன்றும் கிடையாது. அழகையாவின் தம்பி செல்லச்சாமிக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்திருந்ததால் அவன் இங்கேயே தங்கிவிட்டான். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான்.

"மயிலு, அன்னமெல்லாம் வேணாம் மாமா," என்றாள் ராசம்மா. "ஏலப்பூ போட்டுத் தாங்க. நான் ஏலக்காட்டுலதானே வேல செஞ்சேன்."

அந்தப் பூவை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. வெள்ளை இதழில் ஊதா நரம்பு ஓடும் சின்னப் பூ. மறுநாளே ஒரு கொத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றே அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்துப்போயிற்று.

உருக்கும்போது மூவரையும் பக்கத்தில் உட்காரவைத்தேன். சுந்தரம்மா தன் அட்டியலைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக் கொடுத்தாள். கம்பி இழுத்ததையும் பார்த்தார்கள். பதிக்க நாளாகும் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அவர்கள் போனதும் அந்தக் கம்பியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, பித்தளையைப் பதித்தேன்.

பெட்டியைக் கொடுக்கும்போது புத்தியும் சொன்னேன். "கேட்டா பித்தளைன்னு சொல்லுங்க. மேல கறுக்குற மாதிரி மருந்து பூசியிருக்கேன், கறுத்தா பயந்துறாதீங்க. புளி போட்டுத் தேச்சா சரியாப் போகும். பிரிச்சா பூ கெட்டுரும், பெட்டியாவே சீதனம் குடுங்க, தாலி கட்டுற வரைக்கும் யாரையும் சுரண்ட விடாதீங்க."

சுந்தரம்மா அங்கேயே மகளைப் பழக்கினாள்.

"எங்க, சொல்லு."

"பித்தளைங்க ஐயா."

"சிரிக்காமச் சொல்லுடி."

ராசம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நானும் சிரித்தேன். பொய் சொல்ல வேண்டுமே என்று அந்தப் பிள்ளை அவ்வளவு கூச்சப்பட்டது. பாவம், அவள் சொன்னது உண்மைதான்.

அழகையா என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினான். கப்பலேறிப் போன ஏழைகள் ஒரு பெட்டிக்காகத் திரும்பி வரமாட்டார்கள் என்பதை நான் முன்பே யோசித்திருந்தேன். அவர்களுக்கு முன்னும் பின்னும் வேறு குடும்பங்கள் உண்டு. பெயர் கேட்டால் சொல்கிறேன்.

அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போன செல்லச்சாமி, போன வாரம் திரும்பிவந்து என் பட்டறையில் நின்றான்.

"ஆசாரி, சபையில வச்சுத்தான் பெட்டிய உரசிப் பார்த்தாங்க. பித்தளைன்னுட்டாங்க. சிலோன்லேர்ந்து ஏமாத்த வந்திருக்கீங்களான்னு கேட்டுட்டு மாப்பிள வீட்டுக்காரங்க எந்திருச்சுப் போயிட்டாங்க." இரண்டு அடி முன்னே வந்தான். "விடியக்குள்ள புள்ள கெணத்துல கெடந்துச்சு. அதுல என்னாய்யா வச்ச?"

தேத்தண்ணி கொடுத்து, தலைமன்னாரில் பெட்டி மாறியிருக்கும் என்றேன். அவன் தேத்தண்ணியைத் தொடாமல் உங்களிடம் வந்துவிட்டான்.

ராசம்மாவுக்காக நான் வருந்தாமல் இல்லை. தாலி கட்டிய பிறகு உரசியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திராது. அவசரப்பட்டுவிட்டார்கள்.

அந்தத் தங்கத்தில் ஒரு குன்றிமணிகூட நான் விற்றதில்லை, ஐயா. வீடு கட்டவில்லை, குடித்துத் தீர்க்கவில்லை. பித்தளை பிடிவாதம் பிடிக்கும். அடித்தால் மரம் வெடிக்கும். பொன்னோ சொன்ன பேச்சைக் கேட்கும். மயிரிழைப் பள்ளத்திலும் போய்ப் படுத்துக்கொள்ளும். ஏலப்பூவின் நரம்பு பித்தளையில் எனக்கு வரவேயில்லை. பொன்னில் வந்தது. எல்லோருடைய பொன்னையும் கொண்டு எனக்கென்று ஒரே ஒரு பெட்டி செய்தேன். மூடியின் நடுவில் ராசம்மா கேட்ட பூ, ராசம்மாவின் பொன்னிலேயே இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் நான் அவளை ஏமாற்றவில்லை என்றுதான் படுகிறது.

நேற்று உங்கள் ஆட்கள் பட்டறைத் தரையைத் தோண்டினார்கள், கூரைத் தகரத்தைப் பிரித்தார்கள். அந்தப் பெட்டி சன்னலோரத்தில் சாரல் பட்டுக்கொண்டு, எல்லோர் கண்முன்னாலும் இருந்தது. நான் அதை ஒருநாளும் புளி போட்டுத் தேய்த்ததில்லை. இத்தனை மழைக்கும் அது ஏன் கறுக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. மற்றச் சாமான்களோடு சேர்த்துத் தூக்கிவந்தார்கள்.

இன்று காலை நீங்கள் அதைக் கையில் எடுத்தீர்கள். படித்த மனிதர், பார்த்ததும் புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். பிடிபட்டாலும் பரவாயில்லை என்றுகூடத் தோன்றியது. நீங்கள் நகத்தால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு என் பக்கம் தள்ளினீர்கள்.

"சாட்சி ஒண்ணுமில்ல. இந்தப் பித்தளப் பெட்டிய எடுத்துக்கிட்டு நீங்க போங்க."

வாசலில் செல்லச்சாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவனைத் தாண்டித்தான் போனேன். அந்த அழுகை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. உங்கள் வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல்தான் என்னைப் படியிறங்க விடவில்லை.

உரைகல்லோடு ஒரு பத்தரைக் கூப்பிடுங்கள். நகைக்கும், ராசம்மாவின் உயிருக்கும், எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் இந்தப் பூவை வெளிச்சத்தில் பிடித்து நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள், ஐயா. இதையா பித்தளை என்றீர்கள்?