மிலிட்டரி முனிகிருஷ்ணனும் குட்டிப் பெட்டியும்

இந்த இரங்கல் கூட்டத்தைத் தலைமையேற்று நடத்திக்கொண்டிருக்கும் எங்கள் நாவல்கண்டிகையின் முன்னாள் சர்பஞ்ச், பெரியவர் ரங்கையா அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் சகோதரி பிரேமலதா அவர்களே! தறிகளை நிறுத்திவிட்டு நகரியிலிருந்து வந்திருக்கும் நெசவாளப் பெருமக்களே! சித்தூரிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வந்துள்ள லாரித் தோழர்களே! தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் தணிகைவேலின் வணக்கம்.

தலைவர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். பன்னிரண்டு வருடச் சண்டையைப் பத்து நிமிடத்தில் எப்படி ஐயா சொல்வது? ஆம், சண்டைதான்! நானும் முனிகிருஷ்ணன் அவர்களும் கூட்டாக ஒரு லாரி வைத்திருந்தோம். கூட்டாக வண்டி வைத்த இரண்டு பேர் பன்னிரண்டு வருடம் கழித்தும் ஒரே டம்ளரில் டீ பிரித்துக் குடித்தார்கள் என்றால் அது சின்ன விஷயமா? அந்த நிறைவோடுதான் நான் இங்கே நிற்கிறேன். நடுவில் அழுதால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிரித்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் லாரியின் முன் சக்கரங்களுக்கு இழுவிசையைப் பிரித்துக் கொடுக்க இரண்டாவதாக ஒரு கியர்பாக்ஸ் உண்டு. குட்டிப் பெட்டி என்போம். முன் சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் அந்த வண்டி ஆற்றைத் தாண்டும். செப்டம்பர் இருபத்தாறாம் தேதி காலையில் அதில் சத்தம் வருகிறது என்று முனிகிருஷ்ணன் அவர்கள் கழற்றினார். மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். சாப்பிட்டுவிட்டுத் தூணில் சாய்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. பெட்டி கழற்றினபடியே கிடந்தது. ஐப்பசி மழை தலைக்கு மேல் நிற்கிறது. தரைப்பாலம் மூழ்கினால் இந்த வருஷம் நாம் எப்படி அந்தக் கரைக்குப் போவது? இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோர் மனதிலும் இருக்கிற கேள்வி இதுதான். கூச்சப்பட்டுக்கொண்டு யாரும் கேட்கவில்லை. நான் கேட்டுவிட்டேன்.

நோட்டீசில் மிலிட்டரி முனிகிருஷ்ணன் என்று அச்சடித்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் அவர் பட்டாளத்தில் இருந்தவர் என்று நினைக்கக்கூடும். கிடையவே கிடையாது! அவர் கையில் துப்பாக்கியைப் பார்த்தவர் உண்டா? தீபாவளிக்குக்கூட வெடி வைக்கப் பயப்படுவார். ஒரு முறை காணிப்பாக்கத்துக்குப் பக்தர்களை ஏற்றிப் போனபோது ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் விறைப்பாக நின்று, எந்த ரெஜிமெண்ட் என்று கேட்டார். நம்மாள் அசரவில்லை. “நகரி தறி ரெஜிமெண்ட் சார்” என்றார். பட்டாளத்தில் இருந்தது வண்டி. பெயர் இவருக்கு ஒட்டிக்கொண்டது.

தொண்ணூற்றாறு நவம்பர் மழை உங்களுக்கு நினைவிருக்கும். ஒன்பது நாள் ஊர் தீவாகக் கிடந்தது. பாவு நூல் சுற்றிய உருளைகள் நகரியில், தறிகள் இங்கே. ஒன்பது நாள் ஒரு தறி ஓடவில்லை. மருந்துக்குத் தவித்தவர்களும் இருந்தார்கள். உயரமான பாலத்துக்கு அடிக்கல் நாட்டிய கல்லே மூன்று இருக்கிறது! கல்லை எண்ணிக்கொண்டு உட்கார முடியுமா? மறு வருஷம் மெட்ராஸ் பக்கம் ராணுவத்தின் பழைய வண்டிகள் ஏலம் போகின்றன என்று கேள்விப்பட்டு, நெசவாளிகள் இரண்டு பேர், லாரியைப் பற்றி ஒரு எழவும் தெரியாத இரண்டு பேர், போய் இந்த வண்டியை எடுத்தோம்.

எடுத்தோமே தவிர அது ஓடவில்லை. இன்னொரு லாரியின் பின்னால் சங்கிலி போட்டுக் கட்டி இழுத்து வந்தோம். எல்லையில் செக்போஸ்ட் அதிகாரி டார்ச்சால் வண்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இதி பண்டியா, இனுப சாமானா?” என்றார். வண்டியா, இரும்புச் சாமானா என்று கேட்கிறார். எனக்கு மானம் போயிற்று. முனி மட்டும் நிதானமாகச் சொன்னார்: “வண்டிதான் சார். தூங்கிக்கினு கீது.”

எழுப்பினார் ஐயா! நாற்பத்தோரு நாளில் எழுப்பினார். பட்டாளத்துப் பச்சை நிறத்தில் தனியார் வண்டி ஓட்டக்கூடாது என்று சட்டம். கிளிப்பச்சை அடித்தால் ஒத்துக்கொள்வீர்களா என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் தெலுங்கில் கெஞ்சினார். முனிகிருஷ்ணன் கெஞ்சுவது தெலுங்கில், திட்டுவது தமிழில். கெஞ்சலும் பலிக்கவில்லை, திட்டலும் பலிக்கவில்லை. கடைசியில் மஞ்சள் அடித்தோம்.

நெசவாளி லாரி மெக்கானிக் ஆனால் எப்படி இருக்கும் தெரியுமா? பேரிங்கில் நம்பர் தேய்ந்துபோயிருந்தால் பாவு நூலால் சுற்றளவு எடுத்து முடிச்சுப் போட்டுக்கொள்வார். அந்த நூலோடு சென்னைப் புதுப்பேட்டைக்குப் பஸ் ஏறுவார். அங்கே கடை கடையாக நூலைச் சுற்றிப் பார்த்து வாங்கி வருவார். கடைக்காரர்கள் சிரித்தார்கள். வாங்கி வந்தது ஒன்றுகூடப் பொருந்தாமல் போனதில்லை.

ஒரு நாள் டீசல் பம்ப் கசியாமல் இருக்கப் பேக்கிங் வெட்டக் கனமான அட்டை கேட்டார். என் தறியில் வரி வரியாகப் பார்டர் போடுகிற ஜக்கார்டு அட்டையில் கழிவு இருந்தால் கொடு என்றார். நான் அவசரத்தில் கழிவுக்குப் பதிலாக ஓடிக்கொண்டிருந்த டிசைனிலிருந்து ஏழு அட்டையை உருவிக் கொடுத்துவிட்டேன். லாரி நன்றாக ஓடியது. என் புடவையில் மயிலுக்குக் கழுத்தைக் காணோம்! நாற்பது புடவை அப்படியே இறங்கிவிட்டது. சித்தூர் கடைக்காரர் இது என்னய்யா பறவை என்று கத்துகிறார். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். முனி வந்து பார்த்தார், ஒரு நிமிஷம் யோசித்தார். “கோழின்னு சொல்லு தணிகை” என்றார். சொன்னேன். மறு மாசம் அதே கோழி பார்டர் வேண்டும் என்று ஆர்டர் வந்தது! சிரியுங்கள், சிரியுங்கள். அவருக்கும் அதுதான் பிடிக்கும்.

ஆனால் எல்லாத் தப்பும் சிரிப்பில் முடியவில்லை. தொண்ணூற்றெட்டில் நான் செய்ததைச் சபையில் சொல்லித்தான் ஆக வேண்டும். முன் சக்கரத்தின் நடுப்பகுதியைக் கழற்றிக் கோணி மேல் பரப்பிவிட்டு அவர் சாப்பிடப் போயிருந்தார். நண்பருக்கு உதவலாமே என்று நானே மாட்டி மூடிவிட்டேன். அன்றைக்கே பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கினோம். நடுப் பாலத்தில், தொடையளவுத் தண்ணீரில், சக்கரம் ஆடத் தொடங்கியது. இரண்டு நட்டுகளுக்கு நடுவே போட வேண்டிய பூட்டு வாஷரை நான் கோணியிலேயே விட்டுவிட்டேன்! கயிறு பிடித்துப் பதினோரு பேரையும் கரை சேர்த்தோம். திரும்பிப் பார்த்தால், கரையில் அவர் மனைவி அலர்மேல்மங்கை அம்மா வாஷரைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடி வருகிறார். கோணியில் ஒன்று மீந்திருப்பதை அவர்தான் பார்த்திருக்கிறார்.

முனிகிருஷ்ணன் அவர்கள் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. தண்ணீரில் நின்று, ஜாக்கி வைத்து, மாட்டி முடித்து, வீட்டுக்கு வந்த பிறகு ஒரே வார்த்தை சொன்னார்: “இனிமே கழட்டினவங்கதான் மாட்டணும். வேற யாரும் கை வைக்கக் கூடாது. நீயும்தான், நானும்தான்.” அன்று முதல் எங்கள் லாரிக் கொட்டகையில் அதுதான் சட்டம். பதினோரு வருஷம் அதை யாரும் மீறவில்லை.

அந்த வண்டி எத்தனை பேரைக் கரை சேர்த்திருக்கிறது! தடாவில் கம்பெனி வந்தது, போனார்கள். பெங்களூரில் வேலை வந்தது, போனார்கள். முனியின் மகள் பத்மினியும் போனாள். ஊரே வெளியே போய்ச் சம்பாதித்த காலத்தில் ஊருக்கும் ரயிலுக்கும் நடுவே நின்றது இந்த ஓர் ஆறுதான். இதோ மேடையில் இருக்கிறாரே பிரேமலதா, இரண்டாயிரத்து ஐந்து வெள்ளத்தில் இவருக்குக் குவைத் விமானம். ஆற்றில் இறங்கும் முன் முனி எப்போதும் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிடுவார். ஃபேன் சுற்றினால் இன்ஜின் மேல் தண்ணீரை வாரி அடிக்கும். கழற்றிய பெல்ட்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து ஓட்டுவார். அன்று நடு ஆற்றில் இன்ஜின் நின்றுபோனது. இந்த அம்மா பாஸ்போர்ட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, “அண்ணா, நான் போய்ச் சேருவேனா?” என்று அழுகிறார். முனி டீசல் குழாயில் புகுந்த காற்றைக் கையால் பம்ப் அடித்து வெளியேற்றிக்கொண்டே சொன்னார்: “குவைத்துக்கு நான் பொறுப்பில்லம்மா. அந்தக் கரைக்கு நான் பொறுப்பு.”

சேர்த்தார். பிரேமலதா போய், ஆறு வருஷ ஒப்பந்தத்தை மூன்றரையில் முடித்துக்கொண்டு வந்து, இன்றைக்கு நான்கு தறிக்குச் சொந்தக்காரர். தலையாட்டுகிறார் பாருங்கள்.

இப்போது குட்டிப் பெட்டிக்கு வருகிறேன். ஐந்தாம் நாள், வீட்டில் விளக்குகூட மலையேறவில்லை, காயலான் கடைக்காரர் ஒருவர் வந்து வண்டியைச் சுற்றி வந்தார்! எங்கிருந்து வருகிறது ஐயா இந்தத் துணிச்சல்? எட்டாம் நாள் ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தேன். நேர்மையானவர். இந்தப் பெட்டியை நான் திறந்ததே இல்லை, ஒன்று மாறிப்போனாலும் பல் தேய்ந்து நொறுங்கிவிடும், கையை வைக்கமாட்டேன் என்று போய்விட்டார்.

பத்தாம் நாள் நானே போய்க் கொட்டகையில் உட்கார்ந்தேன். தறியில் இறக்கிய வெள்ளைத் துணி ஒன்றில் எல்லாம் வரிசையாகக் கிடந்தன. பல்சக்கரங்கள், பேரிங்குகள், வளையங்கள். எனக்குத் துக்கம் பொறுக்கவில்லை. நாமே மாட்டிவிடுவோம் என்று ஒரு வளையத்தைத் தொட்டேன்.

“கைய எடுங்கண்ணா!”

அலர்மேல்மங்கை அம்மா வாசலில் நிற்கிறார். பத்து நாளாக யாரிடமும் பேசாதவர்.

“அத்த எதுக்குத் தொட்டீங்க? வரிசை கலைஞ்சா என்னா ஆவுறது?”

“அம்மா, கழட்டினவன் போயிட்டான். இனிமே யார் மாட்டுறது?” என்றேன்.

“அவரு அடியில படுத்துக்கினு ஒண்ணொண்ணா நீட்டினாரு. வாங்கித் தொடச்சு, எதுக்குப் பின்னால எதுன்னு வச்சது யாரு? நானு. அப்போ கழட்டினதுல பாதி நான்தானே? மாட்ட வேண்டியது நான்தான். நீங்க மழைக்கு முன்னாடி ஆயிலு வாங்கியாங்க.”

நண்பர்களே! பன்னிரண்டு வருஷமாக முனி வண்டிக்கடியில் படுத்திருந்தார், அந்த அம்மா பக்கத்தில் நின்றிருந்தார். நான் தினமும் பார்த்தேன். ஒரு நாளாவது அந்த அம்மாவுக்கு என்ன தெரியும் என்று கேட்டேனா? நாம் யாராவது கேட்டோமா? நோட்டீசில் அவர் பெயர் “துணைவியார்” என்று மட்டும் இருக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தோடு சேர்த்துப் பெரிய சந்தோஷமாகவும் இருக்கிறது.

முன் வரிசையில் சிலர் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. புருஷனுக்கு இரங்கல் கூட்டம், பெண்டாட்டியைக் காணோமே என்கிறீர்கள். காரியம் முடிந்து முழுசாக நான்கு நாள்கூட ஆகவில்லை, கையெல்லாம் கிரீஸா என்கிறீர்கள். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்! நீங்கள் மாலை போட்டுவிட்டுக் காபி குடித்துப் போவீர்கள். ஆற்றில் தண்ணீர் வந்தால் உங்கள் பிள்ளைகளை அந்தக் கரை சேர்க்கப் போகிறவர் அவர். கூட்டத்துக்கு வாருங்கள் என்று காலையில் அழைத்தேன். “நீங்க போய்ப் பேசுங்கண்ணா, எனக்கு வேலை கீது” என்றார். இதைவிட அந்த மனிதருக்கு என்ன மரியாதை செய்ய முடியும்?

ஆறு நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறார். பல்சக்கரங்கள் உள்ளே போய்விட்டன. கையால் சுற்றினால் சுற்றுகிறது. லாரி ஆற்றில் இழுக்குமா? எனக்குத் தெரியாது. மேடையில் பொய் சொல்லமாட்டேன். நாளைக் காலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் ஓட்டி ஆற்றில் இறக்கிப் பார்க்கப்போகிறேன். இழுக்கவில்லை என்றால் திரும்பவும் கழற்றுவோம். பத்மினி பெங்களூரிலிருந்து அம்மாவை அழைத்துப்போக வந்தாள். இரண்டு நாள் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தனியாகவே பஸ் ஏறிவிட்டாள்.

சிலை வைக்க வேண்டும், தெருவுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்றெல்லாம் தீர்மானம் எழுதி வைத்திருக்கிறார் தலைவர். வையுங்கள், நானும் கை தூக்குகிறேன். என் உறுதிமொழி சின்னது. அதை உங்களிடம் சொல்லவில்லை, அவனிடம் சொல்கிறேன்.

முனி! இதுவரை உன்னை மரியாதையாகப் பேசிவிட்டேன், போதும். நீ இல்லாத கொட்டகைக்குள் போக எனக்குக் கால் வரவில்லைடா. ஆனாலும் போகிறேன். பெட்டியின் கனத்த மூடியை மேலே ஏற்றிப் பிடித்தால்தான் உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, போல்ட் போட முடியும். அதற்கு அடியில் படுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். தங்கச்சி பிடி என்று சொன்னதைப் பிடிப்பேன். தொடாதே என்று சொன்னதைத் தொடமாட்டேன்.

பெரியோர்களே, வெள்ளை வேட்டியோடு போகிறேன் என்று வீட்டில் திட்டு விழும். மௌன அஞ்சலிக்கு நான் இருக்கமாட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். கொட்டகையில் கூப்பிடுகிறார்கள்.