பாம்பன் பாலத்தில் போட வேண்டிய பெட்டி

பெட்டிக்குள் பிணம் இருக்கிறது என்றுதான் முதலில் நம்பினேன். உச்சிப்புளியில் பஸ் ஏறிய அக்காளும் தங்கையும் நெஞ்சுயரக் கறுப்புப் பெட்டி ஒன்றை என் முன்சீட்டில் சாய்த்து வைத்தார்கள்.

"பாம்பன் பாலம் வந்ததும் இதத் தூக்கிக் கடல்ல போட்டுருவேன்" என்றார் அக்காள்.

நான் செல்போனில் நூறு என்று அடித்துவிட்டு, அழைக்கத் தைரியமில்லாமல் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

"அத்தானோட செல்லோ அக்கா அது! மாதா கோயிலுக்குக் குடுத்தா யாராச்சும் வாசிப்பாகல்ல?" என்றார் தங்கை.

செல்லோ. அதாவது, பெரிய வயலின். போனைச் சட்டைப்பையில் போட்டேன்.

"வேற ஆளு வாசிச்சு நான் கேக்கணுமாக்கும்? அவரே போய்ச் சேந்தாச்சு."

"கல்யாணப் பூசையில நீயும் அத்தானும் இன்னும் ரெண்டு பேருமா வாசிச்சா, பொண்ணும் மாப்பிள்ளையும் கால் கடுக்க நிப்பாகளே, மறந்துட்டியா?"

"எப்புடி மறக்க? முடியப்போற நேரத்துல இவரு மறுபடி முதல்லருந்து ஆரம்பிப்பாரு. என் வயலினு பதில் சொல்லியே ஆகணும். சாமியாரு இருமிப் பாப்பாரு, இவரு நிறுத்த மாட்டாரு. என்னயக் கட்டிக்கிறியான்னு வாயத் தொறந்து கேட்டதே இல்லடி. அதுலயேதான் கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"நானும் முதல்லருந்து வாசிச்சேன்."

பாலம் வந்தது. இரண்டு பக்கமும் கடல். நான்தான் மறுபடி போனை எடுத்தேன்.

"உப்புக்காத்து மரத்துக்கு ஆகாது" என்று சொல்லி, அக்காள் எழுந்து ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தினார்.