இரண்டாவது சூசை

பெரியகுளத்திலிருந்து தேனி போகும் பேருந்தில், மடியில் லேப்டாப் வைத்திருந்தவன் பக்கத்திலிருந்த நண்பனிடம் சொன்னான்: “எங்க பெரியப்பா மகன டூப்ளிகேட்டுன்னு தூக்கி எறிஞ்சிருச்சுடா.”

“எது?”

“ரத்த டெஸ்ட் லேப்ல இருந்து வர்ற ரிப்போர்ட்ட அவுகவுக ஃபோனுக்கு அனுப்ப, நடுவுல ஒரு புரோகிராம் எழுதுனேன்ல, அது. ஒரே பேரு, ஒரே ஊருன்னா ரெண்டாவத விட்டுரும்.”

“எரர் காட்டலையா?”

“விட்டதுக்கும் ஓகேன்னு காட்டச் சொல்லி நானே எழுதிருக்கேன்.”

“தாத்தா பேர எல்லாப் பேரனுக்கும் வைக்கிற ஊர்லயா? நீயே சூசைதானடா.”

“ரெண்டு பேரும் ஒன்னாத்தான் டெஸ்ட் எடுத்தோம். எனக்கு நார்மல்னு வந்துச்சு. அண்ணன், ஒன்னும் வரலைன்னா சுகர் இல்லன்னு நெனச்சுக்கிட்டாக.”

“இருக்கா?”

அவன் ஃபோனை எடுத்தான். “அண்ணே, நான் சின்ன சூசை. என்ன மென்னுக்கிட்டே பேசுறீக, ஜிலேபியா? கீழ வைங்க.”