சின்னம்மா காடிக்குப் புது கேஸ்

இரவு பதினொன்றைத் தாண்டிவிட்டது. தாசேக் கெலுகோர் ஊரிலிருந்து வெளியே வரும் செம்பனைத் தோட்டத்துச் சாலை. விளக்கு கிடையாது... ஆள் கிடையாது. அதில் இங்கே உட்கார்ந்திருக்கிற நம் ஷர்வினுடைய சின்னம்மா ஜெயலெட்சுமி, பழைய சாகா ரகக் காடியில், அதான் காரில், தனியாக வந்துகொண்டிருந்தார். யாரும் சிரிக்கக் கூடாது. சிரிக்கிறவன் இப்போதே எழுந்து வீட்டுக்குப் போகலாம்.

பயமா, அந்த அம்மாவுக்கா? கோபம்! புருஷன் பக்கிரிசாமி செத்தும் ஆறாத கோபம். அந்தக் காரை மனுஷன், வேறு யாரோ ஓட்டியதை, இரண்டாம் கையாக வாங்கியவர். வாங்கிய புதிதில் ஒரே ஒரு நாள் ஏர்கோன், அதான் ஏசி, போட்டார். அதோடு சரி. ஜார்ஜ் டவுன் வெயிலில், நெரிசலில், பட்டுப்புடவை வியர்வையில் நனைந்து ஒட்டினாலும் போடமாட்டார். கேட்டால், "ஏர்கோனுக்கு அடிக்கிற பழைய கேஸ் இப்ப கிடைக்காது" என்பார். "புது கேஸுக்கு மாத்துங்களேன்" என்றால் வாயே திறக்கமாட்டார். மழையிலும் கண்ணாடியை இறக்கியே ஓட்டுவார். கட்டின பெண்டாட்டியை இப்படி வேகவைத்தால்? எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

கருமாதி முடிந்த கையோடு சின்னம்மா காரை ஜுருவிலுள்ள கோகிலனின் கார்ப் பட்டறைக்குக் கொண்டுபோனார். கோகிலன் முன்மூடியைத் திறந்து பார்த்தான்.

"அக்கா, சும்மா புது கேஸ் அடிச்சா கம்ப்ரசர் போயிடும்லா. மிச்சமிருக்கிற பழைய கேஸ மெஷின்ல இழுக்கணும். பழைய எண்ணெயக் கழுவணும். ட்ரையர், ரப்பர் ரிங்கு எல்லாம் மாத்தணும்." தலையைச் சொறிந்தான். "ஆனா... இந்த பெல்ட்டு தேஞ்சு அறுந்ததில்ல அக்கா. யாரோ கத்தி வச்சு அறுத்திருக்காங்க. ஒயரையும் வெட்டிட்டாங்க."

சின்னம்மாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "யாரோ இல்ல தம்பி, அந்த மனுஷந்தான்! நான் குளுகுளுன்னு உக்காந்துடக் கூடாதுன்னு வெட்டியிருக்காரு பாரு, படுபாவி! எல்லாத்தையும் மாத்து. ஒண்ணு விடாதே."

மாற்றினான். புதுக் குளிரைத் தன் கூடப்பிறந்த அக்காவிடம் காட்டத்தான் சின்னம்மா தாசேக் கெலுகோருக்குப் போனார். சாப்பிட்டு, பேசி, கிளம்ப நேரமாகிவிட்டது. இப்போது இந்தச் சாலை.

டக்.

ஏர்கோன் அணைந்தது. சின்னம்மா மறுபடி போட்டார். டக். மறுபடி அணைந்தது. பிறகு பக்கத்துச் சீட்டுப் பக்கம்... க்ரீச்... க்ரீச்... கண்ணாடி இறக்கும் கைப்பிடி தானாகச் சுற்றியது. கண்ணாடி இறங்கியது. வெளியே இருந்து ஈர மண் வாடை. காருக்குள்ளே கோடாலித் தைல வாடை. பக்கிரிசாமி தினமும் நெற்றியில் தேய்க்கிற தைலம்.

நாமாக இருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்போம். சின்னம்மா காரை ஓரம் கட்டினார்.

"யோவ்! உயிரோட இருந்தப்பத்தான் என்னை வேகவச்சே. செத்தும் விடமாட்டியா? இது இப்ப என் காடி! இறங்குய்யா!"

 ஏர்கோன் சுவிட்சுக்குப் போன அவர் கையை ஏதோ பிடித்தது. இறுக்கமாக இல்லை... அந்தப் பிடி நடுங்கியது.

"இப்ப கெஞ்சுறியா? நான் கெஞ்சினப்ப எங்க போச்சு உன் காது? இறங்குன்னா இறங்கு!" உதறிவிட்டார்.

 பிறகு இடது பக்கக் கதவு திறந்தது. மெதுவாகச் சாத்திக்கொண்டது. தைல வாடை போய்விட்டது.

சின்னம்மா எட்டிக் கண்ணாடியை ஏற்றினார். ஏர்கோனைப் போட்டார். அணையவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று வண்டியை எடுத்தார். ஜில்லென்று முகத்தில் அடித்தது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, அவ்வளவு சுகம். இன்னும் ஜில்லென்று... இன்னும்... ஸ்டியரிங்கைப் பிடித்த விரல் மரத்தது. மூச்சு புகையாக வந்தது.

பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தார். பின்விளக்கின் சிவப்பு வெளிச்சத்தில் பக்கிரிசாமி ஓடி வந்துகொண்டிருந்தார். வேட்டியோடு, இரண்டு கையையும் ஆட்டி, நிறுத்து நிறுத்து என்று...

"ஓடு! நல்லா ஓடு!" சின்னம்மா ஆக்சிலேட்டரை மிதித்தார். பக்கிரிசாமி சிறுத்துச் சிறுத்து இருட்டில் மறைந்துபோனார்.

அப்போதுதான் பின்சீட்டு கிறீச்சிட்டது. யாரோ நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி. காதுக்குப் பக்கத்தில், இதுவரை கேட்டேயிராத ஒரு பொம்பளைக் குரல், நிதானமாகச் சொன்னது:

"உங்களுக்கெல்லாம் முன்னாடி இது என் காடி. இத்தன வருஷமா அவன் என்னைக் குளிர விடவே இல்ல... நல்லவேள, நீயே அவன இறக்கிவிட்டுட்ட."