பின்தோட்டச் சோதனை

எங்கள் வீட்டுப் பின்தோட்டம் பதினெட்டு அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம். துணி காயப்போடும் கொடியைக் கழற்றிவிட்டால் இரண்டு பேர் படுக்கிற கூடாரத்தைத் தாராளமாகக் கட்டலாம். முளை அடிக்கும்போது தண்ணீர்க் குழாய் போகும் இடத்தை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை நான் பார்க்கவில்லை. இரண்டு நாள் சமையலறையில் தண்ணீர் வரவில்லை. என் மனைவி அதற்கும் சிரித்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்களுக்குள் சண்டை ஏதாவது இருந்ததா என்று நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். இருந்ததில்லை.

மலையேறுகிறவர்களுக்கான சாமான்கள் செய்யும் தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகன். கூடாரம், தூங்கும் பை, அடுப்பு, ஹீட்டர் என்று எதுவானாலும் நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் லாரியில் ஏறும். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. நான் மலை ஏறியதில்லை, முழங்கால் ஒத்துழைக்காது. அதை ஒரு குறையாகச் சொல்வார்கள். பல் டாக்டருக்குப் பல்வலி இருந்தே ஆகவேண்டுமா என்ன?

என் மனைவி பூகோள டீச்சர். ஒரு வெள்ளிக்கிழமை ஓய்வு பெற்றாள். திங்கட்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது சாப்பாட்டு மேஜையில் தட்டுக்குப் பதிலாக ஒரு வரைபடம் விரித்திருந்தது. நான்கு மூலையிலும் டம்ளர் வைத்திருந்தாள்.

"முப்பது வருஷமா பனிமலைய சாக்பீஸ்லயே வரைஞ்சாச்சுங்க. ஒரு தடவை காலால மிதிச்சுப் பாக்கணும்."

"எத்தனை நாள்?"

"நாப்பது நாள். பி.டி. டீச்சரும் வர்றா. நீங்களும் வாங்களேன். முடிஞ்ச வரைக்கும் நடப்போம், முடியலைன்னா அடிவாரத்துல உக்காந்து டீ குடிங்க."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளிடம் எதற்குமே நான் வேண்டாம் என்று சொன்னதில்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "சாமானையெல்லாம் நம்ம தோட்டத்துல ஒரு தடவை சோதிச்சுப் பாத்துட்டுப் போ" என்றேன். அதில் என்ன தப்பு?

அந்த வாரமே கூடாரம் கட்டினோம். ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு பேர், பத்தடி தள்ளிச் சமையலறை இருக்க, மண்ணில் குந்தி உட்கார்ந்து சின்ன அடுப்பில் வெந்நீர் வைத்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பக்கத்து வீட்டு லாரி டிரைவர் சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"என்ன சார், அக்கா வீட்டை விட்டு வெரட்டிட்டாங்களா?"

"அவரை மட்டும் வெரட்டினா நான் ஏன்பா கூட வர்றேன்?" என்றாள் இவள்.

மழை தூறியது. கூடாரத் துணியில் அது விழுகிற சத்தத்தைக் கேட்டபடி மத்தியானம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம். முப்பது வருடத்தில் அவ்வளவு நேரம் நாங்கள் பேசியதாக எனக்கு நினைவில்லை. எனக்கு அதுவே போதும் என்று தோன்றியது. மலை இதைவிடப் பெரிதாக என்ன கொடுத்துவிடப் போகிறது? அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் சாயங்காலம் கூடாரத்தைச் சுருட்டும்போது, "அங்க இந்த மழை பனியா விழும்ல?" என்று கேட்டாள்.

அடுத்த சோதனையில் காற்று மெத்தை தோற்றது. விடிவதற்குள் தரையோடு தரையாகிவிட்டது. வால்வை நான்தான் அரைத் திருகு தளர்த்தியிருந்தேன். அதற்கடுத்ததில் கூடாரம் ஒழுகியது, தையலுக்கு மேல் ஒட்டியிருந்த பட்டையை ஓரமாகக் கொஞ்சம் உரித்துவிட்டிருந்தேன். பிறகு ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு முதுகுப்பை. ஒவ்வொரு தடவையும் நான் நோட்டில் தேதி போட்டு, குறையை எழுதி, அவளிடம் காட்டுவேன். "இதுவே மலையில நடந்திருந்தா?" என்று மட்டும் கேட்பேன். அவள் முகம் சுருங்கும். பயணம் இரண்டு மாதம் தள்ளிப்போகும். வேறு சாமான் வரும். மறுபடி ஒரு வாரக் கடைசி, மறுபடி தோட்டம், நாங்கள் இரண்டு பேர். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. நல்ல வருடம்.

அவள் முட்டாள் இல்லை. ஒருநாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"உங்க தோட்டத்துல பாஸாகுற சாமான் இந்த உலகத்துலயே கெடையாதுங்க."

நான் நோட்டை மூடி வைத்தேன்.

"டிக்கெட் போட்டாச்சு. அடுத்த மாசம் பத்தாம் தேதி. இன்னொண்ணும் சொல்லணும். அங்க ஒரு முகாம்ல வர்றவங்களுக்கு வழி சொல்ல ஆள் வேணுமாம். நடை முடிஞ்சதும் அங்கேயே சீசன் முடியிற வரைக்கும் இருக்கலாம்னு பாக்குறேன். ஆறு மாசம்."

"ஆறு மாசமா?"

"நீங்க வந்தா ரெண்டு பேரும் இருக்கலாம். வரலைன்னா..." துணியை உதறி மடித்து வைத்தாள். "வரமாட்டீங்க. எனக்குத் தெரியும். பரவால்லை."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்தப் 'பரவால்லை'தான் என்னை யோசிக்க வைத்தது. தர்க்கமாக யோசித்தேன். அவள் கிளம்புவதை நான் தடுக்க முடியாது. கிளம்புகிற ஆசை அவளுக்கே விட்டுப்போக வேண்டும். அதற்கு மெத்தையும் பூட்ஸும் போதாது.

"சரி, கடைசியா ஒரே ஒரு சோதனை. ஆறு மணி நேரம். முடிஞ்சதும் நானே ஸ்டேஷனுக்கு வந்து ஏத்திவிடறேன்" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அவ்வளவு சந்தோஷப்பட்டாள். என் கன்னத்தைக் கிள்ளினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல குளிர். காலையிலிருந்தே தூறல். பி.டி. டீச்சரும் கூட இருப்பதாக ஏற்பாடு, ஆனால் பள்ளியில் ஏதோ மேட்ச், நான்கு மணிக்கு மேல்தான் வருவேன் என்று சொல்லிவிட்டாள். பன்னிரண்டு ஐந்துக்கு என் மனைவி கூடாரத்துக்குள் போனாள். ஒரு புத்தகம், பிளாஸ்க், தூங்கும் பை, தொழிற்சாலையிலிருந்து நான் கொண்டுவந்த சின்ன கேஸ் ஹீட்டர். ஆறு மணி வரை வெளியிலிருந்து யாரும் திறக்கக் கூடாது, கூப்பிடக் கூடாது, உதவக் கூடாது. மலையில் உதவிக்கு யார் வருவார்கள்? இது அவளும் ஒப்புக்கொண்ட விதி.

நான் சமையலறை ஜன்னலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நோட்டு உங்களிடம் இருக்கிறது, அதில் உள்ளது எல்லாம் உண்மை. ஒரு மணிக்கு ஹீட்டர் வெளிச்சத்தில் பக்கம் புரட்டுகிற நிழல் துணியில் தெரிந்தது. ஒன்று நாற்பதுக்கு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பத்துக்குப் படுத்தாள். இரண்டு நாற்பதுக்கு எழ முயன்று, முழங்காலில் ஊர்ந்து வாசல் பக்கம் வந்தாள். ஜிப் ஒரு சாண் திறந்து அங்கேயே சிக்கிக்கொண்டது. நான்கு விரல் வெளியே வந்தது. இரண்டு ஐம்பத்தைந்து வரை விரல்கள் அசைந்தன.

ஜிப்பின் தலையைப் புதன்கிழமையே நான் இடுக்கியால் லேசாக நசுக்கி வைத்திருந்தேன். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம்தான். ஆனால் நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

ஏன் எழுந்து போகவில்லை என்று கேட்டீர்கள். விதி இருந்தது. பாதியில் தலையிட்டால் சோதனை செல்லாது. இது எந்தப் பரிசோதகனுக்கும் தெரியும்.

நான்கு பதினைந்துக்கு டீச்சர் பின்பக்கக் கதவு வழியாக வந்தாள். மழைக்கோட்டைக் கழற்றிக்கொண்டே, "அக்கா, நாங்க ஜெயிச்சிட்டோம்" என்றாள். பிறகு அந்த விரல்களைப் பார்த்தாள். நான் ஜன்னலைத் திறந்து சொன்னேன்.

"ஆறு மணி வரைக்கும் தொறக்கக் கூடாது டீச்சர்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம்தான். என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை. பிறகு சமையலறைக்குள் ஓடி வந்து, என்னைத் தோளால் இடித்துத் தள்ளி, கத்தியை எடுத்துக்கொண்டு போய்க் கூடாரத்தை மேலிருந்து கீழ்வரை கிழித்தாள். நல்ல கூடாரம், அன்றைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை. லாரி டிரைவர் சுவர் ஏறிக் குதித்து வந்தார். இரண்டு பேருமாகத்தான் அவளை வெளியே தூக்கினார்கள்.

அவள் பிழைத்துக்கொண்டாள். மூளைக்குக் காற்றுப் போகாமல் இருந்ததில் சில விஷயங்கள் மட்டும் திரும்பி வரவில்லை என்றார் டாக்டர். நடப்பது ஒன்று. பேச்சு பெரும்பாலும். இந்த எட்டு மாதமாக நான்தான் குளிப்பாட்டுகிறேன், ஊட்டுகிறேன், தலை வாருகிறேன். பகலில் தோட்டத்தைப் பார்த்தாற்போல் நாற்காலி போட்டு உட்கார வைப்பேன். தெருவில் பார்க்கிறவர்கள், "உங்களை மாதிரிப் புருஷன் அமையணும்" என்று கண்கலங்குகிறார்கள். பி.டி. டீச்சர் மட்டும் வந்து, என்னோடு ஒரு வார்த்தை பேசாமல், அவள் கையைப் பிடித்து உட்கார்ந்துவிட்டுப் போவாள். வரைபடத்தை நான்தான் மடித்துப் பரணில் வைத்தேன். அவள் அதைக் கேட்கவில்லை. எங்கேயும் போக வேண்டும் என்று அவள் இப்போது கேட்பதில்லை.

விபத்து என்றுதான் முடித்திருந்தார்கள். எனக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை. இப்படியே இருந்திருப்பேன். நானாக உங்களைத் தேடிப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்ததற்குக் காரணம் போன வாரம் வந்த கடிதம்.

தொழிற்சாலை தனியாக ஒரு விசாரணை நடத்தியிருக்கிறது. காற்று கெட்டால் தானாக அணைய வேண்டிய ஹீட்டர் அணையவில்லையாம். பழுதான சாமானைச் சரியாகப் பார்க்காமல் பாஸ் போட்டது தரப் பரிசோதனைப் பிரிவின் அலட்சியம் என்று எழுதியிருக்கிறார்கள். என் கீழே பதினோரு வருடம் வேலை பார்த்த அம்மாளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் போனில் அழுதார். "சார், நாம அப்படி விடமாட்டோமே சார்" என்றார். உண்மைதான். நாங்கள் அப்படி விடமாட்டோம். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பழுது என் கண்ணுக்குத் தப்பியதில்லை. அலட்சியம் என்ற சொல்லை என் பெயருக்குப் பக்கத்தில் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுக்குத் தலைவலி வரும், பயந்துபோவாள், பயணத்தை விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். இதை நீங்கள் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. மற்றதை மட்டும் தயவுசெய்து நான் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். பதிவேட்டிலிருந்து நான் கிழித்து வைத்திருந்த பக்கம் இதோ, என் கையெழுத்தும் தேதியும் இருக்கிறது. அந்த ஹீட்டர் என் பிரிவில் பாஸாகவில்லை. நானே இரண்டு தடவை ஓட்டிப் பார்த்து, மூடிய இடத்தில் வைத்தால் ஆள் பிழைக்கமாட்டான் என்று எழுதி, சிவப்புச் சீட்டு ஒட்டி ஒதுக்கினேன். அதற்கப்புறம்தான் வீட்டுக்கு எடுத்துவந்தேன்.